செவ்வாய்க்கிழமை வந்தவள்

மூன்று வருடத்துக்கு முன்னால், ஆவணி மாதத்தில் என் வீட்டுக்காரர் போய்விட்டார். விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

எனக்கு நீட்டி எழுத வராது. ஏழாவதோடு நின்றவள். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

பீங்கான் யூனிட்டில் எனக்கு வேலை. கப்புக்குக் காது ஒட்டுவது. கப்பு ஒரு அச்சில் வரும், காது இன்னொரு அச்சில் வரும். கூழாகக் கரைத்த மண்ணைத் தொட்டு இரண்டையும் ஒட்ட வேண்டும். பதினாலு வருடமாக இதையேதான் செய்கிறேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. மகன் திருப்பூருக்குத் திரும்பிவிட்டான். அவனுக்கு லீவு இல்லை. வீட்டுக்காரரின் அக்கா, என் நாத்தனார், என்னோடு தங்கினார். நல்ல மனுஷி. ஆனால் அவருக்கு எதிலும் முறை தவறக் கூடாது.

துக்கம் கேட்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து, சுத்துப்பட்டு ஊர்களிலிருந்து, சாவுக்கு வர முடியாத சொந்தமெல்லாம் வந்தது. பெண்கள் வாசலிலேயே குரலெடுத்து அழுதுகொண்டு வருவார்கள். என்னைக் கட்டிக்கொள்வார்கள். நானும் சேர்ந்து அழ வேண்டும். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, “எப்பிடி ஆச்சு?” என்பார்கள். டீ குடித்தது, நெஞ்சைப் பிடித்தது, ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனது எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஒரே நாளில் நாலு தடவை சொல்லியிருக்கிறேன். சொல்லச் சொல்ல அது வேறு யாருக்கோ நடந்த மாதிரி ஆகிவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை. முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு சத்தம் மட்டும் கொடுப்பேன்.

அப்புறம் அதுவும் நின்றது. பேச்சும் நின்றது. சோறு இறங்கவில்லை. உட்கார்ந்தால் உட்கார்ந்த இடம்தான்.

சூப்பர்வைசர் போன் செய்தார். “வர்றாங்களா, இல்ல வேற ஆளப் போட்டுடட்டுமா? இப்பதைக்குப் புதுசா ஒருத்தர ஒக்கார வச்சிருக்கேன். மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன்” என்றார். நாத்தனார்தான் பேசினார். “அவ எழுந்து குளிக்கவே மாட்டேங்குறா. எங்கேருந்து வேலைக்கு வர்றது?” என்று வைத்துவிட்டார். எனக்குக் கேட்டது. அந்த வேலை போனால் எனக்கு வேறு எதுவும் தெரியாது. அதுவும் புரிந்தது. புரிந்தும் எழ முடியவில்லை.

யூனிட் பெண்கள்மேல் மனத்தாங்கலும் இருந்தது. சாவன்று வந்து மாலை போட்டதோடு சரி. அப்புறம் ஒருத்தியும் எட்டிப் பார்க்கவில்லை. காரணம் இருந்தது. நான்தான் யோசிக்கவில்லை. எங்கள் யூனிட்டுக்குச் செவ்வாய்தான் வார லீவு. எங்கள் பக்கத்தில் செவ்வாயும் வெள்ளியும் யாரும் துக்கம் கேட்கப் போக மாட்டார்கள். போனால் அந்த வீட்டில் இன்னொரு துக்கம் வரும் என்பார்கள். அந்த இரண்டு நாளும் என் வீடு வெறிச்சென்று இருக்கும்.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். வாசலில் அழுகைச் சத்தம்.

“யக்கா... ஒன்ன இப்பிடிப் பாக்கவா நான் வந்தேன்...” என்று ஒருத்தி உள்ளே வந்தாள். எங்கள் யூனிட்காரி. கப்பைப் பளபளப்பு மருந்தில் முக்கி எடுக்கிறவள். அவளோடு எனக்குப் பழக்கம் கம்மி. வாய் ஜாஸ்தி என்று ஒதுங்கியே இருப்பேன்.

என்னைக் கட்டிக்கொள்ளக் கையை நீட்டினாள். நாத்தனார் நடுவில் வந்து நின்றார்.

“நிறுத்துடி! இன்னிக்கு என்னா கெழம?”

நீட்டிய கையோடு யோசித்தாள். “செவ்... அய்யய்யோ!”

“செவ்வாக்கெழமயில யாராவது துக்கம் கேக்க வருவாங்களா? ஒன் வூட்டுல பெரியவங்க யாரும் இல்லியா?”

“எனக்கு லீவுன்னுதாம்மா ஞாபகம். செவ்வாக்கெழமன்னு ஞாபகமே இல்ல.” கன்னத்தில் இருந்த கண்ணீரைத் துடைத்துக்கொண்டாள். “சரி, அப்ப நான் துக்கத்துக்கு வரல.”

“பின்ன எதுக்கு வந்தியாம்?”

“சும்மா வந்தேன். எங்க ஊரு பஸ்ஸு நாலு மணிக்குத்தான். வெயில்ல எங்க போயி நிக்கறது? ஒக்காந்துட்டுப் போறேன்.”

நாத்தனார் அவளை முறைத்தார். உள்ளே போய்விட்டார்.

அவள் என் எதிரே உட்கார்ந்தாள். மணி இரண்டுகூட ஆகவில்லை. சாவைப் பற்றிப் பேசக் கூடாது. வேறு பேச எங்களுக்குள் ஒன்றும் கிடையாது. காலை நீட்டினாள், மடக்கினாள். ஃபேனைப் பார்த்தாள். கடைசியில் யூனிட் கதையை எடுத்தாள்.

“ஒங்க எடத்துல ஒருத்தி ஒக்காந்திருக்காக்கா. அவ ஒட்டுற காது என் கைக்கு வர்றதுக்குள்ள பாதி வுழுந்துடுது. நேத்து தூக்குறேன், காது என் கையில, கப்பு தரையில. சூப்பர்வைசர் என்னப் பாத்துக் கத்துறாரு. நான் என்னா கப்போட காதத் திருகவா போனேன்?”

அவள் விடவில்லை.

“அழுத்தித்தான் ஒட்டுறேங்குறா. நீங்க எப்பிடிக்கா ஒட்டுறீங்க?”

“கப்பு காஞ்சிருக்கும்” என்றேன்.

பல நாள் கழித்து நானாகப் பேசிய பேச்சு அது. நாத்தனார் உள்ளேயிருந்து தலையை நீட்டிப் பார்த்தார்.

“என்னாக்கா?”

“கப்பு காஞ்சி, காது மட்டும் ஈரமா இருந்தா நிக்காது. ரெண்டும் ஒரே ஈரத்துல இருக்கணும். ஈரத்துணி போட்டு மூடி வைக்கச் சொல்லு.”

“நான் மருந்துல முக்குறவ. நான் சொன்னா கேப்பாளா? நீங்க வந்து காட்டுங்க.”

“நான் எங்க வர்றது.”

“ஏன், காலு இல்லியா?”

நாத்தனாருக்குக் கோபம் வந்துவிட்டது. “துக்க வூட்டுல பேசுற பேச்சாடி இது?”

“நான்தான் துக்கத்துக்கே வரலியேம்மா!”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டேன். அந்தச் சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. வீட்டுக்காரர் போன பிறகு நான் நிஜமாக அழுதது அன்றைக்குத்தான். நிறுத்த முடியவில்லை. அவள் என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. அழாதே என்றும் சொல்லவில்லை. ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். நான் முகத்தைத் துடைத்ததும் கேட்டாள்:

“துணிய நனச்சிப் புழிஞ்சி மூடணுமா, அப்பிடியேவா?”

“புழிஞ்சி” என்றேன்.

சாவு வீட்டிலிருந்து யாரும் சொல்லிக்கொண்டு போக மாட்டார்கள். சத்தமில்லாமல் எழுந்து போவார்கள். அவள் வாசலில் நின்று, “போயிட்டு வரேன்க்கா, அடுத்த லீவுக்கு வரேன்” என்று தெருவுக்கே கேட்கச் சொன்னாள். நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டார். “இவளுக்கு நாளும் தெரியல, மொறையும் தெரியல.”

அன்று சாயங்காலம் நான் குளித்தேன். சாப்பிட்டேன்.

சொன்னபடி அடுத்த செவ்வாய் வந்தாள். அதற்கடுத்த செவ்வாய் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். யாரும் துக்கம் கேட்கவில்லை. யூனிட் வம்புதான். நாத்தனார் முணுமுணுத்துக்கொண்டே டீ போட்டார். பிறகு அவரும் வந்து உட்கார்ந்து கதை கேட்டார்.

மாசக் கடைசிக்கு முன்னால் வேலைக்குப் போனேன். மூன்று மாதமாவது ஆகட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த நாத்தனார்தான் அன்று காலையில் எனக்குச் சோறு கட்டிக் கொடுத்தார். புதிதாக வந்தவளை எழுப்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஈரம் பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன். இப்போது இரண்டு பேருமே ஒட்டுகிறோம்.

ஒரு நாள் மருந்து முக்குகிறவளிடம் கேட்டேன், அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை என்று நிஜமாகவே மறந்துவிட்டாயா என்று. “சத்தியமா மறந்துட்டேன்க்கா. தெரிஞ்சிருந்தா வந்திருப்பனா?” என்றாள். அவள் பொய் சொல்ல மாட்டாள். இவளைப் போய் ஒதுக்கி வைத்திருந்தேனே என்று எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

போன மாதம், யூனிட்டில் ஜாடிக்கு வைக்கோல் சுற்றிக் கட்டுகிற அண்ணனுக்குத் தம்பி தவறிவிட்டார். சாவுக்குப் போய் அழுதேன். மூன்று வாரம் கழித்து லீவு நாளில் மறுபடி போனேன். லாரியில் ஜாடி உடையாமல் எப்படிண்ணே கட்டுறீங்க என்று கேட்டேன். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். நடுவில் அவராகவே தம்பியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டு வாங்குகிற அழுகையில் பாரம் இறங்காது, தானாக வருகிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து வேறு எதையாவது பேசிக்கொண்டிருக்க ஒரு ஆள் வேண்டும் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் அதில் இருக்கிற பாடம்.