தூரத்தை அமலி சொன்னாள்

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குச் சக்கர நாற்காலியோடு பேருந்தில் போக முடியுமா என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். முடியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றிலேயே நான் போயிருக்கிறேன். இன்றைய வசதிகள் எனக்குத் தெரியாது. அன்று போன விதத்தையும் காரணத்தையும் சொல்கிறேன்.

காரணம், அமலி. கோலாலம்பூரில் ஒரு பயிற்சி மையத்தில் ஈப்போக்காரனான நானும் அவளும் சக்கர நாற்காலி வாள்வீச்சு பழகினோம். இருவருக்கும் சின்ன வயதிலேயே போலியோ. ஒரு சர்வதேசப் போட்டிக்குச் சேர்ந்தே போய், அவள் பெண்கள் பிரிவிலும் நான் ஆண்கள் பிரிவிலும் முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்வினோம். திரும்பியதும் அவள் ரிங்லெட்டுக்கு மேலே இருக்கும் தன் ஊரான தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டாள். அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுக்கும் நேரம் வந்தது. அவளைக் கூட்டிவரக் கிளம்பினேன். போட்டிக்கு மட்டுமல்ல, என்னோடு வாழவும்தான்.

இந்த விளையாட்டைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு நாற்காலிகளையும் இரும்புச் சட்டத்தில் பூட்டிவிடுவார்கள். முன்னேறவும் முடியாது, பின்வாங்கவும் முடியாது. ஆகவே எவ்வளவு தள்ளி உட்காருவது என்பதிலேயே பாதி ஆட்டம் முடிந்துவிடும். ஒருவர் வாளை நீட்ட, அதன் நுனி மற்றவரின் முழங்கை மடிப்பைத் தொட வேண்டும். அதுதான் அளவு. யாருடைய கைக்கு அளப்பது என்பதைக் கை குட்டையானவர் சொல்லலாம். என்னைவிட அமலிக்குக் கை குட்டை. எப்போதும் தன் தூரத்தையே கேட்பாள். அவ்வளவு கிட்டத்தில் அவள் மூச்சுவிடுவது எனக்குக் கேட்கும்.

தாப்பாவில் காலை எட்டு மணிப் பேருந்து. ரிங்லெட் வரை ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீட்டர், இரண்டு மணி நேரம், கட்டணம் இரண்டு வெள்ளி. நாற்காலியைக் கூரையில் கட்டினார்கள்.

“பயப்படாதீங்கண்ணே, கோழிக்கூண்டே விழுந்ததில்ல,” என்றார் ஓட்டுநர்.

நாற்காலி விழவில்லை. காலையில் தின்ற ரொட்டி சானாய்தான் வளைவுகளில் வெளியே வந்துவிட்டது. வெறும் வயிற்றோடு ஏறுங்கள்.

ரிங்லெட்டில் ஒரு தோட்டத்து லோரி என்னை ஏற்றிக்கொண்டு போய் ஆலை வாசலில் இறக்கியது. பனியில் நனைந்த சரிவு. பிரேக் போட்டும் நாற்காலி வழுக்கிக்கொண்டு போனது. கொழுந்துக் கூடையோடு வந்த ஒரு பெண் எட்டிப் பிடித்தாள்.

“பிரேக்க நம்பாதீங்க. இது மலை லா.”

அமலி ஆலைக்குள் தேயிலைத்தூளில் காம்பு பொறுக்கிக்கொண்டிருந்தாள். வாள் பிடித்த அதே விரல்கள், அதே வேகம். சாப்பாட்டு நேரத்தில் நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

“என்ன ஈப்போக்காரரே, டவுன்ல குத்து வாங்க ஆளு கெடைக்கலியா?”

போட்டி, கல்யாணம் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவள் சிரிப்பு நின்றது.

“இங்க நான் சம்பளக்காரி. தொரைகிட்ட கேட்டு, லைன் வீட்டுலேருந்து ஆலைக்குச் சிமெண்டுப் பாதை போட வச்சேன். யாரும் தள்ளாம நானே வேலைக்கு வர்றேன். இத விட்டுட்டு வரமாட்டேன்.”

“அப்ப நான் இங்க வந்துடறேன்.”

“வந்து? ஒங்களுக்கு வாளு வேணும். எனக்கு அந்த ஆச போயிருச்சு. ஒரே மாசத்துல மூஞ்சத் தூக்கி வச்சிக்குவீங்க.”

என்னை அவளுக்கு நன்றாகவே தெரியும்.

சுவரோரம் கிடந்த தேயிலைப் பெட்டிக்கான நீள மரச்சட்டம் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தாள். “நீட்டுங்க.” நீட்டினேன். அதன் நுனி அவள் முழங்கை மடிப்பைத் தொடும்வரை சக்கரத்தைப் பின்னால் உருட்டிக்கொண்டே போனாள். பிறகு நிறுத்தினாள்.

“இன்னிக்கு ஒங்க தூரம்.”

அவ்வளவு தள்ளி அவள் ஒருநாளும் என் முன்னால் உட்கார்ந்ததில்லை. அங்கிருந்து அவள் கை என்னை எட்டாது. எழுந்து போய் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளக் காலில் வலு இல்லையே என்று என் வாழ்க்கையில் அன்று ஒருமுறைதான் அழத் தோன்றியது.

சாப்பாட்டு நேரம் முடிந்து ஆலைச் சங்கு ஊதியது. ஆலைத் தச்சரிடம் ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போனாள். என்னைத் திரும்ப ஏற்றிய லோரி கிளம்பும் முன் தச்சர் வந்து என் மடியில் ஒரு மர ஆப்பை வைத்தார். “சக்கரம் உருளாம அண்டக் குடுக்கவாம். அந்தப் புள்ள குடுக்கச் சொல்லிச்சு.”

அடுத்த போட்டிக்குத் தனியாகவே போனேன். இரண்டாவது சுற்றுவரை தாக்குப்பிடித்தேன். எதிரே யார் வந்து உட்கார்ந்தாலும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்த மாதிரியே இருந்தது.

போகிறவர்களுக்கு: கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள். சரிவில் பிரேக்கை நம்பாதீர்கள், ஒரு மர ஆப்பு கட்டாயம் வேண்டும். எந்தத் தச்சரும் செய்து கொடுப்பார். என்னுடையதை மட்டும் கேட்காதீர்கள். அது என் சக்கரத்துக்கு அடியில் இருக்கிறது. என் வீட்டுத் தரை சமதளம்தான். இருந்தாலும்.