ஊஞ்சலுக்கு ஒரு ரிலீவர்

வாலாஜாபாத் பேருந்து வரும்வரை ஒரகடத்தின் சிறுவர் பூங்காவில் உட்கார்ந்திருக்கிறேன். வாயிலில் பென்குயின் வடிவக் குப்பைத்தொட்டி வாயைப் பிளந்து நிற்கிறது. மக்கள் அதைச் சுற்றிலும் மிகுந்த மரியாதையோடு குப்பை போட்டிருக்கிறார்கள்.

இரண்டு ஊஞ்சல்களில் ஒன்றுக்குச் சங்கிலி மட்டுமே மிஞ்சியிருக்கிறது. மற்றதற்கு நிற்கும் வரிசையைக் கம்பெனிச் சீருடை அணிந்த ஓர் அம்மா நிர்வகிக்கிறார். ஷிப்டுக்குப் போகுமுன் மகளை ஊஞ்சலாட்ட வந்திருக்கிறார்.

“ஷிப்ட் முடிஞ்சிச்சு, எறங்குடா.”

“ஓ.டி. பாக்கறேன் ஆன்ட்டி,” என்கிறான் ஊஞ்சலில் இருப்பவன்.

“ஓ.டி.லாம் கேன்சல். எறங்கு!”

ஒருவழியாக மகள் ஏறுகிறாள். இரண்டு ஆட்டம்கூட ஆகவில்லை, சாலையில் கம்பெனிப் பேருந்து ஹாரன் அடிக்கிறது. சிறுமியின் உதடு பிதுங்குகிறது. அந்த அம்மா சுற்றிலும் பார்க்கிறார். யாப்பிலக்கணப் புத்தகத்தை மடியில் வைத்தபடி நான் அகப்படுகிறேன்.

“இன்னாம்மா, சும்மாதானே கீற? ஆள் மாத்த ரிலீவர் வராம லைன வுட்டுப் போவக் கூடாது. இவங்கப்பா டூட்டி முடிச்சி வந்து கேட்டாண்ட வண்டிய நிறுத்திக்கினு கீறாரு. அவரு வர்ற வரைக்கும் ஆட்டிவுடு.”

நான் தலையசைப்பதற்குள் அவர் ஓடிவிடுகிறார்.

வெண்பாவுக்குச் சீர் பிரிக்கும் அதே கவனத்தோடு, மெதுவாக, ஒரே அளவாகத் தள்ளுகிறேன். சிறுமி சிறிது நேரம் பொறுத்துக்கொள்கிறாள். பிறகு கழுத்தைத் திருப்பி என்னை மேலும் கீழும் பார்க்கிறாள்.

“அக்கா, நீ ட்ரெய்னியா?”