சக்கர நாற்காலி ஓவியர்

நெட்டச்சி சந்துச் சுவரோடு ஒட்டி நின்று, அதில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒரு பெண்ணின் காலை வரைந்துகொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஊன்ற முடியாமல் நிற்கிற வீங்கிய கால். பின்னால் சக்கர நாற்காலியில் அவள் வேலை பார்க்கும் வீட்டு அம்மா, மடியில் பெயின்ட் டப்பாவோடு.

"கணுக்கால் இன்னும் வீங்கணும்டி. என் கால் மாதிரி."

"உங்க காலை வரைஞ்சா சுவர் தாங்காது. டப்பாவைச் சாய்க்காம புடிங்க."

உயரத்துக்காக அம்மா வைத்த பெயர்தான் நெட்டச்சி. வீட்டோடு தங்கி அம்மாவைப் பார்த்துக்கொள்கிறவள் அவள். அம்மாவுக்குப் பக்கவாதம். வலப்பக்கம் போய்விட்டது, இடக்கையால் டப்பாவைப் பிடிக்கலாம், அவ்வளவுதான். வாய் மட்டும் முன்னைவிட ஜோர். மாலையில் காற்று வாங்கக் கூட்டிப்போகும்போதுதான் நெட்டச்சி வரைவாள். தூரிகைகள் நாற்காலிப் பையில், டயப்பருக்கு அடியில் கிடக்கும். படுக்கைப்புண் வராமல் புரட்டிப் போடுவது, மருந்து, குளியல் எதிலும் குறை வைத்ததில்லை. ஆனாலும் வேலை நேரத்தில் படம் என்றால் எந்த முதலாளியும் ஒப்புக்கொள்ளமாட்டார். அதனால் கீழே பெயர் போட்டதே இல்லை.

அந்த வருடம் ஊரில் பெண்கள் ஏணி போட்டுச் சுவரேறத் தொடங்கியிருந்தார்கள். பாலத்தடி, மார்க்கெட், பள்ளிக்கூட மதில் எங்கும் அவர்கள் படங்கள், கீழே அவர்கள் பெயர்கள். சந்துச் சுவர்களில் பெயரில்லாமல் வரைவது யாரென்று தேடி அந்தப் பெண்களில் இருவர் வந்தபோது, நெட்டச்சி தெருமுனைக் குழாயில் தூரிகை கழுவிக்கொண்டிருந்தாள். ஈரம் காயாத படம். எதிரே மடியெல்லாம் பெயின்ட்டோடு ஒரு கிழவி.

"அம்மா, இதெல்லாம் நீங்களா?"

"பின்னே?" என்றாள் அம்மா.

நெட்டச்சி திரும்புவதற்குள் அம்மாவின் மகனுக்குப் போன் போய், மறுநாள் காலை பத்திரிகைக்காரர்கள் அந்தச் சந்துக்கு வருவதென்று முடிவாகிவிட்டது.

"ஏம்மா இப்படிப் பண்ணீங்க?" வழியெல்லாம் நாற்காலியை இடித்து இடித்துத் தள்ளினாள்.

"நீதான்னு சொன்னா என் பையன் உன்னை அனுப்பிடுவான்." கொஞ்ச தூரம் போய், "என்னை யாராவது நின்னு பாத்து எத்தனை வருஷமாச்சு தெரியுமா?" என்றாள்.

இரண்டும் உண்மைதான். அதனால் நெட்டச்சியால் சண்டைகூடப் போட முடியவில்லை.

எப்போதாவது எட்டிப்பார்க்கும் மகன் அன்று உடனே வந்துவிட்டார்.

"அம்மா படம் வரைவாங்கன்னு எனக்கே தெரியாதே!"

"உனக்கு என்னைப் பத்தி என்னடா தெரியும்?"

நெட்டச்சி வாயைத் திறந்தாள். "சார், அந்தப் படம்..."

"உங்களுக்கு ஒரு கும்பிடு. அம்மாவைச் சந்துல விட்டுட்டு எங்கயோ போயிட்டீங்களாமே? இன்னொரு தடவை தனியா விட்டீங்கன்னா வேற ஆள் பாத்துக்கறேன்."

வேலை போனால் படுக்கையும் போகும். அவள் பெட்டி அம்மாவின் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. போய் நிற்க வேறு வாசல் இல்லை. அம்மாவோ போர்வை நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி சார்," என்றாள் நெட்டச்சி.

மறுநாள் காலை அம்மாவைக் குளிப்பாட்டி, நல்ல உடுப்பு மாற்றி, சந்துக்குத் தள்ளிப்போனாள். ஆட்கள் வருவதற்கு முன் நீல பெயின்ட்டை எடுத்து அம்மாவின் இடக்கை விரல்களில் ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"கட்டை விரல்லயும் வைடி."

வைத்தாள். பிறகு சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் தன் கைகளை நகக்கண் வரை துடைத்துவிட்டு, நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள்.