தலைச்சனை யாரும் விசாரிக்கவில்லை

மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் அலுவலகத்தில் அவள் அதிகாரி. கருவிகளுக்கு உறவுமுறை வைத்துப் பேசுவது அங்கே பழக்கம். புதிதாக ஒன்று வந்தால், ஏற்கெனவே அனுமதி வாங்கிய எதைப் போல இருக்கிறது என்று பார்ப்பார்கள். அது அண்ணன், இது தம்பி. அண்ணன் யோக்கியன் என்றால் தம்பியைத் தனியாக விசாரிக்க வேண்டியதில்லை. வீடு வாடகைக்கு விடுகிறவர்கள்கூட இதைவிட அதிகமாகத் துருவிக் கேட்பார்கள்.

கருப்பை இறங்கிய பெண்களுக்கு உள்ளே வைத்துத் தைக்கும் பிளாஸ்டிக் வலையும் அப்படித்தான் வந்தது. அதற்கு ஓர் அண்ணன் இருந்தான். அந்த அண்ணனுக்கும் ஓர் அண்ணன் இருந்தான். கையெழுத்துப் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு போட்டாள் என்று சொல்ல முடியாது. விதி கேட்டதையெல்லாம் பார்த்தாள். விதி கேட்டதே அவ்வளவுதான்.

அவளுடைய கணவனின் அக்காவுக்குச் சலவைக்கூடத்தில் வேலை. ஈரத்துணி மூட்டைகளைத் தூக்கித் தூக்கிக் கருப்பை இறங்கிவிட்டது. தம்பி பெண்டாட்டியிடம் வாய் திறந்து எதையும் கேட்காத வீம்புக்காரி, டாக்டர் வலை வைக்கலாம் என்றதும் தானே போன் செய்தாள்.

“நீ பாத்து விட்டதுதானாமே. அப்ப எனக்கு பயமில்ல.”

“தாராளமா வச்சுக்குங்க அண்ணி,” என்றாள் அதிகாரி. இத்தனை வருஷத்தில் அண்ணி தன்னை ஒரு பொருட்டாக மதித்துக் கேட்டது அதுவே முதல் தடவை. அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அந்த வாரமே வலையைப் பற்றிப் புகார்கள் வந்தன. பெண்கள் வேறு வேறு ஊர். சொன்னது மட்டும் ஒன்று. உட்கார முடியவில்லை, உள்ளே எதுவோ அறுக்கிறது. வயசானால் வலிக்கத்தான் செய்யும் என்று அலுவலக இயக்குநர் தள்ளிவிட்டார். அவளால் அப்படித் தள்ள முடியவில்லை. அண்ணிக்கு ஆபரேஷன் என்றிருந்த அன்று காலையில், ஓய்வுபெற்ற பழைய அதிகாரியை அழைத்து, இந்த வலைக் குடும்பத்தின் தலைச்சன் எப்படி என்று கேட்டாள்.

“அதத்தான் எப்பவோ வாபஸ் வாங்கிட்டாங்களேம்மா. சதைய அரிச்சுக்கிட்டு வந்துச்சு. தம்பிங்கள யாரும் தொடல,” என்றார் அவர், நேற்றைய மழையைப் பற்றிப் பேசுகிறவர் மாதிரி.

வைத்ததைத் திரும்ப எடுக்க முடியுமா என்று கேட்டாள். சதை அதனூடே வளர்ந்து பிடித்துக்கொள்ளும், முழுசாக எடுப்பது லேசில் நடக்கிற காரியமில்லை என்றார்.

விழுந்தடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அண்ணி ஆபரேஷன் உடுப்பில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முறை இன்னும் வரவில்லை. போன உயிர் திரும்பி வந்தது. குனிந்து காதோடு எல்லாவற்றையும் சொன்னாள். தான் போட்ட கையெழுத்தையும் மறைக்கவில்லை. அண்ணி வாய்க்கு வந்தபடி திட்டுவாள் என்று எதிர்பார்த்து நின்றாள்.

அண்ணி திட்டவில்லை. எதிர்க்கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் ஆளாக ஆபரேஷன் முடிந்து வந்த ஒரு பெண் அங்கே மயக்கம் தெளிந்து, மகளிடம் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அந்தம்மாவுக்கும் இதே வலதான். உள்ள போக மாட்டேன்னு ஒரே அழுக. என் தம்பி பொண்டாட்டிதான் இதுக்கு கையெழுத்து போட்டவ, தைரியமா போங்கன்னு நான்தான் அனுப்பி வச்சேன்,” என்றாள் அண்ணி. “போ. நீயே போய் சொல்லு.”