பாட்டுக்கு வாய் கொடுத்த கதை

திருப்பதியிலிருந்து ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக்குப் போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸில் பாட்டுச் சண்டை ஓயாது. சித்தூர்ப் பக்கத்துத் தமிழ்ப் பெண்கள் நாங்கள் ஒரு பாட்டைப் போடச் சொல்வோம்; தெலுங்குப் பெண்கள் வேறொன்றைக் கேட்பார்கள். ஒருநாள் டிரைவர் ஸ்பீக்கரையே அணைத்துவிட்டார். இந்தச் சண்டையை நான் தீர்க்கிறேன் என்று சவால் விட்டேன்.

லேப்டாப்பில் பாட்டை வெட்டி ஒட்டுவதில் நான் கெட்டிக்காரி. அடக்கமாகச் சொல்ல வரவில்லை, மன்னியுங்கள். ஒரு பாட்டின் குரலை மட்டும் பிரித்தெடுப்பேன். இன்னொரு பாட்டின் தாளத்தை அந்த வேகத்துக்கு இழுத்து, குரலை அதன்மேல் உட்கார வைப்பேன். ஒட்டிய இடம் எது என்று எவராலும் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஆறு தமிழ்ப் பாட்டையும் ஆறு தெலுங்குப் பாட்டையும் கலந்தேன்.

திங்கட்கிழமை பஸ்ஸே கைதட்டியது. பக்கத்து சீட்டில் இருந்த என் தோழி மட்டும் தட்டவில்லை. தெலுங்குக்காரி, மூன்று வருடமாக என் டிபன் பாக்ஸில் பாதி அவளுக்குத்தான்.

"மா பாட்டகி நோரு லேதா?" என்றாள். எங்கள் பாட்டுக்கு வாயில்லையா என்று கேட்டவள், மறுநாள் முன் சீட்டுக்குப் போய்விட்டாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பன்னிரண்டில் பாதி அவர்கள் பாட்டுதானே! மறுபடி போட்டுக் கேட்டேன். பாடியதெல்லாம் தமிழ்க் குரல். தெலுங்குப் பாட்டுகள் ஆறும் வெறும் தாளம். பத்தாவது வரை தெலுங்கில் படித்தவள் நான், தெரியாமல் செய்தேன் என்று சொல்லவும் வழியில்லை. வெட்கமாக இருந்தது. காலியான பக்கத்து சீட்டைப் பார்த்தால் அழுகை வந்தது.

வாயால் மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. லேப்டாப்பைத் திறந்தேன். இந்த முறை தெலுங்குக் குரல் முதலில் பாட, தமிழ்ப் பாட்டு தாளம் போட்டது. பாதிக்குமேல் இரண்டும் இடம் மாறிக்கொண்டன.

சனிக்கிழமை அதைப் போட்டதும் பின்னாலிருந்து எங்கள் சித்தூர்ப் பெண் ஒருத்தி கத்தினாள். "இன்னாடி இது? நம்ம பாட்டு வெறும் மேளம் தட்டிக்கினு கீது?"

நான் பதில் சொல்வதற்குள் முன் சீட்டிலிருந்து தோழி எழுந்து திரும்பினாள். அந்த பஸ்ஸில் அவள் தமிழ் பேசி நான் கேட்டதே இல்லை.

"கொஞ்சம் இரு மே. இப்ப எங்க பாட்டு பாடுது. அப்புறம் உங்க பாட்டு பாடும். இவ சரியாத்தான் செஞ்சிருப்பா."

சொல்லிவிட்டு, ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துப் பிடித்து நடந்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.