ஒதார்காவின் மூன்றாம் எழுத்து

ஒதார்காவுக்குக் கோபம் வந்தால் இன்னும் மெதுவாக, இன்னும் சுத்தமான உக்ரைனிய மொழியில் பேசுவாள். கிழக்கு உக்ரைனின் கார்கிவ் நகரில், நாங்கள் வேலை பார்த்த கல்லூரிக் கணினி ஆய்வகத்தில், மற்ற எல்லாருக்கும் ரஷ்ய மொழிதான். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். கிராமத்து வாடை தெரியக்கூடாதென்று வீட்டின் உக்ரைனியப் பேச்சை விட்டு ரஷ்ய மொழிக்கு மாறிக்கொண்டேன். அவளும் அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவள்தான். ஆனால் மாறவில்லை.

2002 மார்ச்சில் துறைத் தலைவர் வெனியாமீன் லிவோவிச் ஒரு சிடி ரைட்டரை அவள் மேசையில் வைத்தார்.

“வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள உன் லினக்ஸ் இதுல ஒரு சிடி எழுதிக் காட்டணும். இல்லன்னா ஆறு மெஷினையும் அழிச்சிட்டு, பஜார்ல வாங்கின விண்டோஸைப் போட்டுடுவேன்.”

“திருட்டு சிடி போட நாள் வேற குறிக்கிறீங்களா?”

“ஊர்ல எல்லாரும் அதைத்தாம்மா போடுறாங்க.”

“என்னைத் தவிர.”

அந்த ஆறு கணினிகளிலும் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டு, இரண்டு வருடமாக ஓடவைத்திருந்தவள் அவள்தான்.

சிக்கல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் இருந்தது. அது ரைட்டரைச் சாதாரண சிடி டிரைவ் என்று எண்ணி, படிக்க மட்டுமே தெரிந்த டிரைவர் மென்பொருளிடம் ஒப்படைத்துவிடும். எழுத வேண்டுமானால், அதை ஸ்கசி என்ற வேறு வகைச் சாதனமாக நடிக்கவைக்கும் வேறொரு டிரைவரிடம் கொடுக்க வேண்டும். அதற்குக் கணினி தொடங்கும்போதே hdc=ide-scsi என்று சொல்ல வேண்டும்; hdc என்பது ரைட்டர் மாட்டியிருக்கும் இடத்தின் பெயர்.

அவள் சொல்லியிருந்தாள். அமைப்புக் கோப்பில் அந்த வரி இருந்தது. அதற்கு மேல், எதற்காக அது என்று உக்ரைனிய மொழியில் ஒரு குறிப்பும் இருந்தது. மூன்று நாள் மாற்றி மாற்றித் தொடங்கிப் பார்த்தாள். எழுதும் கருவி எதுவும் இல்லை என்றே பதில் வந்தது.

வெள்ளி காலை பதினொரு மணிக்கு நான் சொன்னேன்: “விட்டுடுடி. மெஷின் போனா போகட்டும், வேலையாவது மிஞ்சும்.”

“உனக்குப் பயமா இருந்தா போய் டீ குடி.”

நான் போகவில்லை. அவள் கோப்பில் hdc என்று தேடினாள். இல்லை என்றது. அந்த வரியோ கண்ணெதிரே இருந்தது. மறுபடி தேடினாள். இல்லை. பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்.

குறிப்பை எழுதி முடித்தவள் விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்ற மறந்திருக்கிறாள். h, d என்று அடித்த முதல் இரண்டு எழுத்தும் எங்கள் எழுத்தில் рв என்று விழ, அழித்துத் திருத்தியிருக்கிறாள். மூன்றாவதாக, அதே c விசையில் விழுந்தது எங்கள் ‘ஸ்’ எழுத்து. பார்வைக்கு அச்சு அசலாக ஆங்கில c. சரியாக இருக்கிறதென்று விட்டுவிட்டாள். கெர்னலுக்கு மட்டும் அது வேறு எழுத்து.

ஒற்றை எழுத்தை மாற்றினாள். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் ரைட்டரில் சிடி எழுதப்படுவதைக் காட்டும் விளக்கு சிவப்பாக எரிந்தது.

வெனியாமீன் லிவோவிச் சிடியைத் தன் கணினியில் போட்டுத் திறந்து பார்த்தார். தவறு எங்கே இருந்ததென்று அவள் சொன்னாள்.

“பார்த்தியா, உன் மொழி எவ்வளவு தொல்லைன்னு. இனிமே குறிப்பையெல்லாம் இங்கிலீஷ்லயே எழுது.”

“எழுத்து மேல குத்தம் இல்லைங்க. நான்தான் சரியா பார்க்கல. குறிப்பு இப்படியேதான் இருக்கும்.”

பஜார் சிடி அவர் கோட்டுப் பையிலேயே திரும்பிப் போனது.

ரைட்டரை எதில் மாட்டினாலும் வேலை செய்யட்டும் என்று, மற்ற ஐந்து கணினிகளின் கோப்பிலும் அந்த வரியைச் சேர்க்கும் வேலை எனக்கு வந்தது. முதல் கோப்பைத் திறந்து, குறிப்பு எழுதும் இடத்துக்கு வந்தேன். ரைட்டரையாவது நாங்கள் சொல்லித்தான் நடிக்கவைத்தோம். என்னை யார் நடிக்கச் சொன்னது?

உக்ரைனிய மொழியில் எழுதினேன். பிறகு விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றினேன்.