எர்த் குழிக்கு ஒரு குடம் தண்ணீர்

எங்கள் வீட்டு மோடத்தில் நான்கு பச்சை விளக்குகள் இருந்தன. மூன்றாவது விளக்கு சிமிட்டாமல் எரிந்தால் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மகளை ஆமத்தூரில் உட்கார்ந்து பார்க்கலாம். சிமிட்ட ஆரம்பித்துவிட்டால் போச்சு, அவள் முகம் பாதியில் நின்றுவிடும். அந்த வருடம் நான் சாமி விளக்கைப் பார்த்ததைவிட அந்த மூன்றாவது விளக்கைப் பார்த்ததுதான் அதிகம்.

பிராட்பேண்ட் எங்கள் பக்கம் புதிதாக வந்திருந்த நேரம். நான் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் பட்டாசு லேபிளுக்கு எழுத்துக் கோர்த்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் எனக்குப் பழக்கம்தான். ஆனாலும் கட்டை விரல் தடிமன்கூட இல்லாத டெலிபோன் ஒயர் ஒன்று கடல் தாண்டி இருக்கிற பெண்ணின் மூக்குத்தி மின்னுவதைக்கூடக் கொண்டுவந்து காட்டியபோது வாயடைத்துப் போனேன். ஒயருக்குள் இருப்பது இரண்டே இரண்டு செம்புக் கம்பி. அதில் குரலும் போகிறது, முகமும் வருகிறது. இதை எவன் யோசித்தானோ, அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

எனக்கு இது அதிசயம் மட்டும்தான். என் வீட்டுக்காரருக்கு இதை விட்டால் வேறு வழியில்லை. அவருக்குக் காது கேட்காது. பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தவர். பக்கத்து அறை வெடித்த அன்றைக்கு உயிர் தப்பினார், இரண்டு காதும் போய்விட்டன. பிறகு அதே கம்பெனியில் பெட்டி ஒட்டும் வேலைக்கு மாறிக்கொண்டார். எதிரே இருப்பவர் உதடு அசைவதைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்ள அவராகவே பழகினார். என் வாயும் மகள் வாயும் அவருக்கு மனப்பாடம். என் நாத்தனார் வீட்டுக்காரர் மாதிரி மேலுதட்டை மூடி மீசை வைத்திருப்பவர்கள் பேசினால் மட்டும் ஒன்றும் புரியாது. சும்மா தலையாட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் தாளில் எழுதிக் காட்டுவேன்.

ஆகவே மகள் அவரோடு பேச வேண்டுமானால் படம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டு விட்டு வந்தால் அவருக்குப் பேச்சே போய்விடும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் திரையில் வருவாள். ஆவணியிலிருந்து படம் அடிக்கடி அறுபட்டது.

புரட்டாசியில் ஒருநாள் அவள் என்னை மட்டும் போனில் கூப்பிட்டாள். கூட வேலை பார்க்கிற ஒருவரைக் கட்டிக்கொள்ள நினைத்திருப்பதாகச் சொன்னாள். என் நாத்தனாரோ தன் மகனுக்கு இவளைக் கேட்டு ஒரு வருடமாக நடந்துகொண்டிருந்தார். தீபாவளி முடிந்த வெள்ளிக்கிழமை தாம்பூலத் தட்டோடு வருவதாக இருந்தது. இவரும் தங்கை கேட்கிறாளே என்று சரி சொல்லும் நினைப்பில்தான் இருந்தார். தட்டை வாங்கிவிட்டால் முடிந்தது. கொடுத்த வாக்கை மாற்றுகிற ஆள் இல்லை அவர்.

நான் எழுதிக் காட்டிச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"நீ எழுதிக் காட்டாதம்மா. காது போனதுல இருந்து ஊர்ல எல்லாரும் அவருக்குத் தாள்லதான் சேதி சொல்றாங்க. இதை நான் என் வாயால சொல்லணும். அப்பா என் முகத்தைப் பார்த்துக் கேக்கணும்."

மகளா பிறந்திருக்கிறாள், பிடிவாதத்துக்குப் பிறந்திருக்கிறாள். என்னைக் கொண்டுதான் பிறந்திருக்கிறாள், யாரைக் குறை சொல்ல? வாயைக் கட்டிக்கொண்டேன். ஒரு சேதியை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு புருஷனுக்குச் சோறு போடுவது எம்புட்டுக் கஷ்டம் என்று அந்த ஒரு மாதத்தில் தெரிந்துகொண்டேன்.

அடுத்த ஞாயிறு "அப்பா, ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்தாள். மூன்றாவது விளக்கு சிமிட்டியது. வாய் பாதி திறந்தபடி படம் நின்றுவிட்டது. இவர் கொஞ்ச நேரம் அந்த வாயையே உற்றுப் பார்த்தார். பிறகு தானாக ஒன்றை ஊகித்துக்கொண்டு, "சாப்பிட்டாச்சு தாயி" என்றார். தன் குரல் தனக்குக் கேட்காததால் எப்போதும் சத்தமாகத்தான் பேசுவார். நின்றுபோன படத்தைப் பார்த்து அவர் அப்படிச் சத்தமாகச் சொன்னதும் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அதற்கு அடுத்த ஞாயிறும் அப்படித்தான். சரி, இந்த மோடத்தை ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவுகட்டினேன்.

மகள் போனில் வழி சொன்னாள். பிரவுசரில் சில எண்களை அடித்தால் மோடத்தின் உள்ளே போகலாம் என்றாள். போனேன். லைன் எத்தனை வேகத்தில் ஓடுகிறது, டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து வருவதற்குள் எவ்வளவு தேய்ந்துபோகிறது என்று எல்லாம் அங்கே எண்களாக நின்றன. அதில் ஒன்று மார்ஜின்.

"லைன்ல இருக்கிற இரைச்சலுக்கு மேல நம்ம சிக்னல் எம்புட்டு உசரமா நிக்குதுன்னு காட்டுற நம்பர்மா அது. ஆறுக்குக் கீழ இறங்கினா லைன் விழுந்துரும்" என்றாள்.

பக்கத்தைப் புதுப்பிக்கப் புதுப்பிக்க அந்த எண் மாறியது. ஏழு, எட்டு, மறுபடி ஏழு. கண்ணுக்குத் தெரியாத ஒன்று வயல்காட்டு வழியாகப் போஸ்ட் போஸ்டாக ஏறி இறங்கி வருவதை வீட்டுக்குள் இருந்து எண்ணிப் பார்க்க முடிகிறதே என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அன்று சோறு குழைந்துபோனது.

வேகம் கூடினால் எல்லாம் சரியாகும் என்று முதலில் நானாக ஒரு கிறுக்குத்தனம் செய்தேன். இருப்பதிலேயே வேகமான முறையை அமைப்பில் தேர்ந்தெடுத்தேன். வேகம் ஏறியது, மார்ஜின் ஐந்துக்கு இறங்கியது, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை லைன் விழுந்தது. மகள் கேட்டுவிட்டுச் சிரித்தாள். நீளமான லைனுக்குப் பழைய முறைதான் லாயக்கு, வேகத்தைக் குறை என்றாள். குறைத்தேன். மார்ஜின் ஒன்பதுக்கு வந்து நின்றது. வேகத்தைக் கொடுத்து நிதானத்தை வாங்கலாம் என்பதை அன்றுதான் கண்டேன். திங்கள் முதல் சனி வரை விளக்கு ஆடாமல் அசையாமல் எரிந்தது. அச்சகத்தில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு லைன் மறுபடி விழுந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மோடத்தைத் தூக்கிக் கண்மாயில் எறிந்திருப்பேன். மற்ற நாளெல்லாம் நிற்கிறது, ஞாயிறு சாயங்காலம் மட்டும் விழுகிறது என்றால் இது என்ன கிழமை பார்த்து வருகிற காய்ச்சலா? டெலிபோன் ஆபீசில் புகார் எழுதி வைத்தேன். லைன்மேன் நல்ல மனிதர், மறுநாளே வந்தார். போஸ்டில் ஏறி, எங்கள் வீட்டு ஒயரைக் கழற்றி வைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டு, போஸ்ட் வரைக்கும் லைன் சுத்தமாக இருக்கிறது, கோளாறு வீட்டுப் பக்கம்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு ரோஷம். என் வீட்டில் என்ன கோளாறு?

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு வந்தது. தீபாவளி புதன்கிழமை. அந்த வெள்ளிக்கிழமை தட்டு வந்துவிடும். இதை விட்டால் வேறு ஞாயிறு இல்லை. ஐந்தரைக்கே மோடத்தின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மார்ஜினைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒன்பது. புதுப்பித்தேன். ஒன்பது.

வெளியே குழாயடியில் குடம் வைக்கும் சத்தம் கேட்டது. இவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே சுவரோரம் வந்தார். அங்கே ஒரு குழி. கரியும் உப்பும் போட்டு மூடி, நடுவில் ஒரு கம்பி இறக்கிய எர்த் குழி. ஆவணியில் முதல் இடி இடித்த மறுநாள் அவரே வெட்டியது. வீட்டுக் கரண்டுக்காக என்று நினைத்திருந்தேன். எர்த் குழி காய்ந்தால் வேலை செய்யாது, தண்ணீர் ஊற்றி ஈரமாகவே வைத்திருக்க வேண்டும் என்பது கம்பெனியில் அவருக்குப் படிந்த பழக்கம். அவர் குடத்தைச் சாய்த்தார். நான் பக்கத்தைப் புதுப்பித்தேன்.

ஏழு.

குடம் காலியாவதற்குள் ஆறு. அவர் கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தபோது மூன்றாவது விளக்கு சிமிட்டத் தொடங்கியது.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மண்ணில் விழுந்த தண்ணீர் திரையில் எண்ணாக இறங்குகிறது! ஓடிப்போய் டெலிபோன் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன். கொர் என்ற இரைச்சல். அந்த இரைச்சல் ஆவணியிலிருந்தே இருந்தது. வீட்டில் போனைக் காதில் வைக்கிற ஒரே ஆள் நான். கேட்டுக் கேட்டுப் பழகி, நம் போன் இப்படித்தான் என்று இருந்துவிட்டேன். காது இருந்து என்ன புண்ணியம்?

வெளியே போய்ச் சுவரைப் பார்த்தேன். டெலிபோன் ஒயர் வந்து சேரும் சின்னப் பெட்டியின் மேல் மழைக்கு ஒரு தகரத்தை மடித்து மூடியிருந்தார். தகரத்தைத் தூக்கினேன். உள்ளே இரண்டு திருகாணி, இரண்டு செம்புக் கம்பி. அதில் ஒரு திருகாணியில் மூன்றாவதாக ஒரு பச்சை ஒயரைச் சுற்றி, அதை நேராக எர்த் குழிக்குள் இறக்கியிருந்தார்.

கம்பெனியில் மருந்து கலக்கும் அறை வாசலில் ஒரு செம்புத் தகடு இருக்கும். உள்ளே போகிறவர் அதை ஒருதரம் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் ஏறிய மின்சாரம் அதன் வழியாக மண்ணுக்குப் போய்விடும், இல்லாவிட்டால் ஒரு பொறி போதும். இருபது வருடம் அதைத் தொட்டு வாழ்ந்த மனிதர். கம்பி என்று ஒன்று இருந்தால் அதற்கு எர்த் போட்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும். ஆனால் டெலிபோன் கம்பிகள் இரண்டும் சமமாக இருந்தால்தான் பேச்சு சுத்தமாக வரும். ஒன்றை மட்டும் மண்ணோடு கட்டிவிட்டால் இரைச்சல் முழுவதும் உள்ளே வந்துவிடும். இதையெல்லாம் பிறகு மகள்தான் விளக்கினாள். குழி காய்ந்திருக்கிற நாளில் லைன் எப்படியோ தப்பித்தது. மகள் வருகிற நாளாயிற்றே, எல்லாம் பத்திரமாக இருக்கட்டும் என்று ஞாயிறுதோறும் ஆறு மணிக்கு முன்னால் ஒரு குடம் ஊற்றியிருக்கிறார்.

என் வாய் சும்மா இருக்குமா? அவர் முன்னால் நின்று, உதடு நன்றாகத் தெரியும்படி, திட்டித் தீர்த்தேன். ஒரு மாதமாக நான் பட்ட பாட்டையெல்லாம் கொட்டினேன். அவர் முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்.

"இடி எறங்குச்சுன்னா ஒயர் வழியா உள்ள வந்துரும். நீ எந்நேரமும் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியில கைய வச்சுக்கிட்டு இருக்கே."

மிஷினைக் காப்பாற்றத்தான் அந்த ஒயரைச் சுற்றினார் என்று நினைத்துத் திட்டியிருந்தேன், அது எனக்காக. கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து எண்ணைக் காட்டினேன். மழை மேகம் வந்தால் ஒயரையே பிடுங்கி வைத்துவிடுகிறேன், மகள் மேல் சத்தியம் என்றேன். அவர் திருப்புளியை எடுத்தார். வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஜன்னல் கம்பியை ஒருதரம் தொட்டுக்கொண்டார், பிறகு திருகாணியைத் தளர்த்திப் பச்சை ஒயரை உருவினார்.

விளக்கு சிமிட்டுவதை நிறுத்தி நிலையாக எரிந்தது. புதுப்பித்தேன். பதினான்கு.

ரிசீவரை எடுத்துப் பார்த்தேன். இரைச்சல் சுத்தமாக இல்லை. வெறும் டயல் டோன், சங்கு ஊதுகிற மாதிரி. நான் அழுதுவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

ஆறு மணிக்கு மகள் வந்தாள். எண்ணெய் வைத்துத் தலை வாரிப் பொட்டு வைத்திருந்தாள். அவள் நேராக அவரைப் பார்த்து, அவசரப்படாமல், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். கூட வேலை பார்க்கிறவர், சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம், இரண்டு வருடப் பழக்கம். அத்தை மகனைக் கட்டிக்கொள்ள முடியாது. அப்பா சம்மதிக்காமல் எதுவும் செய்யப்போவதில்லை. ஒரு சொல் அறுபடவில்லை. ஒரு இடத்தில் நிறுத்தி அவள் மூக்குத்தியைத் திருகினாள், அதுகூட அப்படியே தெரிந்தது.

சொல்லி முடித்ததும் அவள் அசையாமல் அவரையே பார்த்தாள். படம் நின்றுவிட்டதோ என்று விளக்கைப் பார்த்தேன். பச்சையாக நின்றது. மகள் கண் சிமிட்டினாள்.

"மீசை வச்சிருக்காரா?" என்று கேட்டார் அவர்.

மகள் என்னைப் பார்த்தாள். எனக்கும் விளங்கவில்லை. "வச்சிருக்காருப்பா. கொஞ்சம் பெருசுதான்" என்றாள்.

"எடுக்கச் சொல்லு. அவர் பேசுறது எனக்குத் தெரியணும்ல. நாளப்பின்ன வீட்டுக்கு வந்தா எம்புட்டு நாளைக்கு உங்கம்மா எழுதிக் காட்டுவா?"

மகள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே என்னவோ சொன்னாள். எனக்குக் காதில் விழுந்தது. அவர் பதறிப்போய்த் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"கைய எடு தாயி" என்றார் சத்தமாக. "வாய் தெரியல."